பூட்டும் பிரிவும்

எங்கள் வாத்தியாருக்குப் பகலில் அரம், சாயங்காலம் கம்பு. நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பூட்டுக்குள் போகும் லீவர் தகடுகளை ராவிக்கொண்டிருப்பார். ஐந்தரை மணிக்குக் கையைக் கழுவிவிட்டு மலைக்கோட்டை அடிவாரத்தில் இருந்த காலி மனைக்கு வருவார். எவ்வளவு தேய்த்தாலும் விரல் ரேகைகளில் இரும்புத் தூள் கறுத்து நிற்கும். அந்தக் கை நம் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுப் போனால், வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போதும் தோலில் இரும்பு வாசனை அடிக்கும்.

இன்றைக்குத் திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பிரியாணி. எங்கள் சிறுவயதில் பூட்டு. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதற்குள் பல பட்டறைகள் தங்கள் கதவையே பூட்டிவிட்டுப் போயிருந்தன. அலிகாரிலிருந்து விலை குறைவாக வந்த சரக்கோடு கைவேலைப் பூட்டு மல்லுக்கட்ட முடியவில்லை. வாத்தியார் அதையெல்லாம் பார்க்கவில்லை, முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒருநாள் மூடி அடிக்காத மாங்காய்ப் பூட்டு ஒன்றை என் கையில் கொடுத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். உள்ளே தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பின. "நல்லாப் பாருடா. ஒவ்வொரு தகடும் அதுக்குன்னு உள்ள ஒசரத்துக்கு எந்திரிக்கணும். கொறச்சலாத் தூக்குனாலும் தெறக்காது, கூடத் தூக்குனாலும் தெறக்காது. பெலத்துக்கு இங்க சோலியே இல்ல." சொல்லிவிட்டு என் முழங்கையைத் தன் அக்குளுக்குள் வாங்கி, மணிக்கட்டை ஒரு விரற்கடை திருப்பினார். நான் குதிகாலில் எழும்பி நின்றேன். அவர் முகத்தில் எந்த முயற்சியும் தெரியவில்லை.

சிலம்பம் என்றால் கம்பு சுற்றுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுற்றுவது பாதிதான். இரண்டு கம்பு மோதிக் குறுக்கே மாட்டி நிற்கிற ஒரு கணம் உண்டு. அந்த நேரத்தில் கம்பு வெறும் கழி, கைதான் ஆயுதம். யார் முதலில் கம்பை விட்டு எதிராளி மணிக்கட்டைப் பற்றுகிறானோ அவனுக்கு எதிராளியின் கம்பே நெம்புகோல். அதற்காகத்தான் கால்மானம், கம்பு, குத்துவரிசை எல்லாம் ஆன பிறகு பிடி, பூட்டு, பிரிவு என்று சொல்லித்தருவார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து அடிமுறை ஆசான்களும் பூட்டு, பிரிவு என்றே சொல்கிறார்கள். பூட்டு, மூட்டை அசையவிடாமல் நிறுத்துவது. பிரிவு, அதிலிருந்து கழன்று வருவது.

எங்கள் வாத்தியார் வரிசையை மாற்றிவிட்டார். பிரிவு முதலில், பூட்டு பிறகு. மூன்று மாதம் எங்கள் கையை மற்றவர்கள் பிடிப்பார்கள். நாங்கள் கழற்ற வேண்டும். பிடித்த கையில் நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் ஒரு பக்கம். வாசல் எப்போதும் கட்டைவிரல் பக்கம்தான். அந்தப் பக்கம் மணிக்கட்டின் மெலிந்த விளிம்பைத் திருப்பி, முழங்கையை முன்னால் கொண்டுபோனால் பயில்வான் பிடியும் கழன்றுவிடும். கையைப் பின்னால் இழுத்தால் கழலாது. பயந்தவன் எல்லோரும் பின்னால்தான் இழுப்பான். எங்களுக்கு அலுத்துப்போயிற்று. எப்போது வாத்தியாரே பூட்டு என்று கேட்டால், "பிடிக்கிறது நாய்க்கும் தெரியும்டா" என்பார்.

இன்னொன்றும் அந்த மனையில்தான் தெரிந்தது. சித்திரை வெயிலில் கால் மணி நேரம் ஆடினால் கை வழுக்கும். விரலால் பிடிக்கிற பிடி எதுவும் நிற்காது. அதனால் விரலை நம்பாமல் முழங்கை மடிப்பால் கொக்கி போடச் சொல்வார். பிடித்த மூட்டைத் தன் நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டால் பிறகு இழுப்பது கை அல்ல, இடுப்பு. எதிராளி ஊன்றி நிற்கும்போது தள்ளுவது மடத்தனம், அவன் ஒரு காலைத் தூக்கி அடுத்ததில் பாரத்தை மாற்றும் அரைக் கணம்தான் நம்முடையது. இதை ஜூடோக்காரர்கள் தனி சாஸ்திரமாகவே வைத்திருக்கிறார்கள். நாங்கள் சடுகுடுவில் பார்த்தோம். பாடி வருகிறவன் கால் நீட்டித் தொட எட்டும்போது கரண்டையைப் பிடிக்கிற பையன் பலசாலியாக இருக்க வேண்டியதில்லை. பிடித்தவுடன் பக்கத்தில் இருப்பவன் வந்து விழ வேண்டும், அவ்வளவுதான். ஒற்றை ஆளாகப் பிடித்துக்கொண்டு பெருமையாகக் கிடந்தால் அவனையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் போய்விடுவார்கள்.

தை, மாசியில் புகையிலைப்பட்டிக்கும் கொசவபட்டிக்கும் ஜல்லிக்கட்டு பார்க்கக் கூட்டிப்போவார். பரிசைப் பார்க்க அல்ல. மாடுபிடி வீரர் திமிலைத் தவிர வேறு எதையும் பிடிக்கக் கூடாது. வாலையோ கொம்பையோ பிடித்தால் ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். திமிலை அணைத்தவன் நெஞ்சு மாட்டின் மேல் ஒட்டியிருக்கும், கால் மட்டும் லேசாகக் கூடவே ஓடும். எல்லோரும் அணைக்கிற இடத்தில் கைதட்டுவார்கள். வாத்தியார் என் தலையைத் திருப்பி, அவன் எப்படி விடுகிறான் என்று பார்க்கச் சொல்வார். விடுகிற இடத்தில்தான் குத்து வாங்குகிறார்கள்.

தமிழில் மல்யுத்தம் பேச்சில் உயிரோடு இருக்கிற அளவுக்கு மண்ணில் இல்லை. வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டுகிறோம், பிடிகொடுக்காமல் பேசுகிறோம், வக்கீல் கிடுக்கிப்பிடி போடுகிறார், தேர்தலில் மண்ணைக் கவ்வுகிறார்கள். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று கேலி செய்கிறோமே, அந்த ஆளுக்காகக் கொஞ்சம் வாதாடலாம். குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால்தான் தோல்வி. குப்புற விழுந்தவன் இன்னும் தோற்கவில்லை.

புறநானூற்றில் 80-ஆம் பாட்டு ஒரு மற்போர். பாடியவர் சாத்தந்தையார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதுகிறான். அவனுடைய ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்தியிருக்கிறது. இன்னொரு கால் மல்லன் செய்யவரும் தந்திரத்தைத் தடுத்துப் பின்பக்கம் வளைந்து கிடக்கிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முறிப்பதுபோல, இரண்டு முனையும் ஒடிய அவனை மோதினானாம். மகனோடு பிணங்கியிருந்த தகப்பன் தித்தன் இதைப் பார்க்கட்டும் என்கிறார் புலவர். கல்லூரியில் இந்தப் பாட்டை வீரம் என்று சொல்லித் தாண்டிப்போனார்கள். பிடி கற்றவன் படித்தால் வேறு மாதிரி. கையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை, இரண்டு காலும் என்ன செய்கின்றன என்பது மட்டும் துல்லியமாக இருக்கிறது. நடுவை அழுத்தி முனைகளை வளைப்பது நெம்புகோல் கணக்கு. சாத்தந்தையார் தூரத்தில் உட்கார்ந்து கேள்விப்பட்டு எழுதியவர் இல்லை. களத்தின் விளிம்பில், மண் தெறிக்கிற தூரத்தில் இருந்திருக்கிறார்.

இப்போது என் கதை.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பூட்டு கைவந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. பேகம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வருவான், ஒல்லி, எப்போதும் சிரித்த முகம். அன்று சுவர் ஓரமாக என் வகுப்புப் பையன்கள் வேடிக்கை பார்த்து நின்றார்கள். அவன் கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூட்டினேன். தட்டினால் விட வேண்டும் என்பது சட்டம். அவன் என் தொடையில் தட்டினான். எனக்குத் தெரிந்தது. இரண்டாம் முறையும் தட்டினான். சுவரைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு விரற்கடை ஏற்றினேன். சொடக்கு எடுத்ததுபோல ஒரு சத்தம்.

தோள் மூட்டு நழுவியிருந்தது. வாத்தியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப்போட்டு, அவன் வீட்டில் உட்கார்ந்து அவன் அம்மாவிடம் தன் தப்பு என்றார். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார். "அவனுக்கு எழுத முடியாது. நீ போயி எழுதிக் குடு." மூன்று வாரம் அவன் பள்ளிக்கூடப் பையைத் தூக்கினேன், அவனுடைய நோட்டுகளை எழுதினேன். அவன் அம்மா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை, டீ கொடுத்தார். அந்த டீயைவிடக் கசப்பான எதையும் நான் குடித்ததில்லை.

கை தேறி அவன் வந்த அன்று எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார். அதே பூட்டை அவன் எனக்குப் போட வேண்டும். நான் தட்டக் கூடாது. எப்போது விடுவது என்பது அவன் இஷ்டம். என் கை பின்னால் போனது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மூட்டு இறுகுவதற்கு முன்பே விட்டுவிட்டான். அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால் தோளில் கை போட்டு, "என்னண்ணே, இளைச்சுட்டீங்க" என்பான். அந்தத் தோளை நான் பார்ப்பதில்லை.

ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882-இல் டோக்கியோவில் ஒரு கோயிலின் சிறு அறையில் பன்னிரண்டு பாய் விரித்துத் தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜுஜுத்ஸுவில் உடம்பை முறிக்கும் வித்தைகள் ஏராளம். அவற்றைச் சுதந்திரப் பயிற்சி ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். வித்தையைச் சப்பையாக்குகிறார் என்று நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. கொல்லும் வித்தையை யாரும் தினமும் முழு வேகத்தில் பழக முடியாது, மெதுவாக நடித்துத்தான் பார்க்க முடியும். இவருடைய மாணவர்களோ தினமும் முழு பலத்தோடு மல்லுக்கட்டினார்கள். முதல் பாடம் விழுவது எப்படி என்பது. எங்கள் வாத்தியாருக்குக் கானோ யாரென்று தெரியாது. மனையில் ஒரு ஓரம் கொத்திப் புழுதியாக்கி, தினமும் முப்பது தடவை விழவைப்பார்.

இப்போது வத்தலக்குண்டு ரோட்டில் தகரக் கொட்டகை ஒன்றில் நானும் ஒரு கூடம் நடத்துகிறேன். வாத்தியார் விஜயதசமிக்கு வெற்றிலை பாக்கும் வேட்டியும் தவிர எதுவும் வாங்கியதில்லை. அவருக்குப் பட்டறைக் கூலி இருந்தது. நான் வாடகை கட்ட வேண்டும், மாதச் சம்பளம் வாங்குகிறேன். அதில் வெட்கம் இல்லை.

வெட்கம் வேறு இடங்களில் இருக்கிறது. 2021-இல் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தார்கள்; 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நல்ல காரியம், எத்தனையோ ஆசான்கள் வாழ்நாள் முழுவதும் கேட்டது. கூடவே சான்றிதழ்ச் சந்தையும் வந்துவிட்டது. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர் முதலில் கேட்பது, எத்தனை மாதத்தில் சர்டிபிகேட் வரும் சார் என்பதுதான். ஆறு வயதுக் குழந்தையைப் பானைமேல் நிறுத்தி மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்து உலக சாதனை என்று கேடயம் வாங்குகிறார்கள். அந்தக் குழந்தையின் மணிக்கட்டை ஒருவர் பிடித்தால் கழற்றத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய வாத்தியார்களிடமும் குறை உண்டு. அவரவர் தெரு, அவரவர் ஆட்கள் என்று கூடம் நடத்தியவர்கள் இருந்தார்கள். கடைசி அடவு ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு செத்துப்போவதைப் பெருமையாகச் சொன்னார்கள். சிஷ்யன் குருவை அடித்துவிடுவானாம். அப்படிப் போன பூட்டுகள் எத்தனையோ. சாவியைத் தொலைத்த பூட்டை இரும்புக் கடையில் எடைக்குத்தான் போட வேண்டும்.

என் கூடத்தில் ஜோடி சேர்ப்பதற்குத்தான் அதிக மூளை செலவாகிறது. புதிதாக வந்த பையனை அதே அளவு புதியவனோடு விட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அவனை மூத்தவனிடம் விட வேண்டும். மூத்தவன் மூன்றில் இரண்டு தடவை விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் பையனுக்குத் தெரியாமல். அதைச் செய்ய முடியாத மூத்தவனுக்கு நான் அடுத்த பூட்டு சொல்லித்தருவதில்லை, கோபித்துக்கொண்டு நின்றுபோனவர்களும் உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் பிடி வேண்டாம் சார், கம்பு மட்டும் போதும் என்பார்கள் அப்பாக்கள். அம்மாக்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் பேருந்தில் போகிறவர்கள். வாரத்தில் ஒருநாள் பெண்களே பெண்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்; நான் வெளியே உட்கார்ந்து கணக்கு எழுதுவேன்.

கோப்பைகளை நான் எண்ணுவதில்லை. வகுப்பிலேயே நோஞ்சான் பையன் மூன்றாம் மாதமும் வருகிறானா என்று பார்ப்பேன். அவன் நின்றுவிட்டால் எங்கேயோ யாரோ சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு விரற்கடை ஏற்றியிருக்கிறான் என்று அர்த்தம்.

கொட்டகைக் கதவில் தொங்குவது வாத்தியார் கையால் ராவிய மாங்காய்ப் பூட்டு. மழைக்காலத்தில் அது அடம் பிடிக்கும். போன வாரம் நான் வரத் தாமதமாகிவிட்டது, மூத்த பையன்கள் இருவர் சாவியைப் போட்டு மூச்சுப்பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அவர்களை விலக்கி, சாவியை நூலளவு வெளியே இழுத்து, இரண்டு விரலால் திருப்பினாள். திறந்துகொண்டது. பூட்டை என்னிடம் கொடுத்துவிட்டு விளக்குமாறு எடுக்க உள்ளே போனாள்.