பாளை ஏன் சொட்டவில்லை?

ஒரே கண்மாய்க் கரையில் நிற்கும் இரண்டு பனைகள். ஒன்றில் கலயம் நிறைந்திருக்கிறது; மற்றதில் அடிப்பகுதிதான் நனைந்திருக்கிறது. மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, சீவிய கையும் ஒன்று. பிறகு ஏன்? புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்துக்கு வெளியே, பங்குனி மாத விடியலில், ஒரு பனையேறியோடு நின்று நான் பார்க்க விரும்பியது இந்தக் கேள்விக்கு அவர் விடை தேடும் விதத்தைத்தான்.

சாயல்குடிப் பக்கத்துக்காரர். பருவத்துக்கு இங்கே வந்து மரங்களைக் குத்தகைக்கு எடுக்கிறார். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, தளைநாரைக் காலில் மாட்டி, இடுப்பில் அருவாப்பெட்டியோடு மேலே போனார். சற்று நேரத்தில் மட்டைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, வாய் அடைச்சிருக்கு. நேத்து சாயங்காலம் சீவுனது ஆழம் பத்தல."

பனையின் இலைகளில் உண்டாகும் சர்க்கரை பாளைக்கு வருவது மரத்துக்குள் இருக்கும் அழுத்தத்தால். பாளை நுனியைச் சீவினால் அது சொட்டுகிறது. ஆனால் மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். அதனால் காலையும் மாலையும் புதிதாகச் சீவியாக வேண்டும். அரிவாள் மேலோட்டமாகப் போனால் அடைப்பு விலகாது. அழுந்தினால் பருவம் முடியும் முன்னே பாளை தீர்ந்துவிடும். அதற்கும் முன்னால் இடுக்கியால் பாளையை நசுக்கிப் பக்குவப்படுத்தும் வேலை இருக்கிறது. ஆண்பனைக்கு ஒரு இடுக்கி, பெண்பனைக்கு வேறு. எவ்வளவு அழுத்துவது என்று கேட்டேன். "கைக்குத் தெரியும்" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை; அந்த அளவைச் சொல்ல அவரிடம் எண் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க, கனடாவின் கியூபெக்கில் மேப்பிள் மரத்துச் சாற்றை இன்று குழாய் வலை போட்டு, வெற்றிடப் பம்பு வைத்து இழுக்கிறார்கள். சாறு குறைந்தால் தோட்டம் முழுக்க நடந்து கசிவு தேடுவார்கள். அணில் கடித்த ஓட்டையில் காற்று சீறும் ஓசையையும், குழாய்க்குள் வேகமாக ஓடும் குமிழிகளையும் வைத்து இடத்தைப் பிடிப்பார்கள். அங்கே இரவு உறைபனியும் பகல் வெயிலும் மாறி மாறி வருவதால்தான் சாறு ஓடுகிறது; பருவத்துக்கு ஒருமுறை துளையிட்டால் போதும். நம் பனைக்குப் பம்பு வைத்துப் பயனில்லை. இங்கே பழுது நேர்வது சீவிய வாயில். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் ஒருவர் உச்சிவரை ஏறியாக வேண்டும்.

ஆனால் மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம். ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் காய்ச்ச வேண்டும். பதநீரில் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஏறத்தாழ 8 லிட்டரில் ஒரு கிலோ கருப்பட்டி விழும். இவ்வளவு வளமான சாற்றைத் தரும் மரத்தின் அடியில் நின்றுகொண்டு அதன் தொழிலாளியை இன்னும் வெறும் கையோடு உச்சிவரை ஏற விட்டுவைத்திருக்கிறோமே என்ற ஆற்றாமை எனக்கு அடங்கவில்லை.

அடுத்த மரத்துக் கலயம் வேறு கதை. இறக்கியதும் மூக்கருகே கொண்டுபோனவர் முகம் சுளித்தார். நுரை கட்டியிருந்தது. கலயத்தின் உட்புறத்தை விரலால் தடவி என்னிடம் காட்டினார். சுண்ணாம்பு ஒரு பக்கம் திட்டுத்திட்டாக உதிர்ந்திருந்தது. பாளையிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் சாற்றைப் புளிக்க வைக்காமல் தடுப்பது சுண்ணாம்புதான். கூடினால் நாக்கில் காரம், கருப்பட்டியிலும் அந்தச் சுவை. குறைந்தால் சர்க்கரை உடைந்து, எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியாகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

இதில் சட்டமும் வந்து சேர்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு பூசிய கலயத்தில் விழுந்தால் பதநீர், பூசாததில் விழுந்தால் கள். புளித்ததை அவர் வாய்க்காலோரம் கொட்டினார். "வச்சிருந்தா வழக்கு வரும் தம்பி." அரை நாள் உழைப்பு மண்ணுக்குள் போனது.

சுண்ணாம்புக்கு மாற்று இல்லாமல் இல்லை. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் தென்னைக்காக ஒரு குளிர்பெட்டியை உருவாக்கியிருக்கிறது. பாளையில் கட்டிய குழாய் வழியாகச் சாறு பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் விழும். சுண்ணாம்பு வேண்டாம், புளிக்காது. கேரளத்தில் 'கல்பரசா' என்று விற்பது இந்தச் சாறுதான். இதைச் சொன்னதும் அவர் உடனே கேட்டது எடையைத்தான். ஒரு பனை உச்சியில் நாலைந்து கலயங்கள் தொங்கும். அத்தனைக்கும் பனிக்கட்டியைச் சுமந்துகொண்டு எத்தனை மரம் ஏறுவது? நியாயமான கேள்வி. தென்னைக்குச் செய்ததை அப்படியே பனையில் மாட்ட முடியாது. பனைக்கென்றே எடை குறைந்த ஒன்றை, ஏறுகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டும். ஏறும் கருவிகளுக்கும் இதே குறைதான்: தண்டில் தூக்கிவிட்டாலும், கருக்கு மட்டைகளுக்குள் நுழைந்து பாளையை எட்டுவது இன்னும் வெறும் கையால்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது பனைகள் பெரும்பாலும் நின்றன. 2021இல், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. இரண்டையும் அவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு, வரிசைக் கடைசியில் நின்ற மரத்தைக் காட்டினார்.

"அத இந்த வருசம் தொடப்போறதில்ல. தொடர்ந்து சீவுனா குருத்து மெலிஞ்சுரும். ஒரு பருவம் விட்டாத் தேறிரும்."

குத்தகைப் பணம் அந்த மரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்.