எழுதப்படாத முறைப்பாடுகள்

கடையொன்றின் முகப்புக் கண்ணாடியை எவனோ ஒருவன் இரவில் உடைத்துவிட்டுப் போனால், பொலிஸ் நிலையத்துப் புத்தகத்தில் அது சொத்துச் சேதம் என்றே பதிவாகும். உடைத்தவன் கடைக்காரரோடு கொடுக்கல் வாங்கலிற் பிணங்கியவனாயிருக்கலாம், மதுபோதையில் வந்தவனாயிருக்கலாம், கடைக்காரர் பேசும் மொழியையோ தொழும் முறையையோ வெறுப்பவனாயுமிருக்கலாம். மூன்று நிலையிலும் கண்ணாடியின் விலை ஒன்றே. ஆயினும் முதலிரு நிலைகளில் நட்டம் ஒரு மனிதருடையது. மூன்றாவது நிலையிலோ, அவரைப் போன்ற பெயரும் உடையும் உடைய அனைவரும் அன்றிரவு கதவைத் தாழிட்ட பின்னரும் ஒருமுறை இழுத்துப் பார்க்கின்றனர். குற்றச் செயல் ஒன்று, அச்செயலுக்கு இலக்கானவரை அவரது இனம், மதம், மொழி போன்ற அடையாளம் பற்றித் தெரிவு செய்த பகைமை ஒன்று ஆகிய இவ்விரண்டும் ஒருங்கே அமைவதையே வெறுப்புக் குற்றம் என்கிறோம். எமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையில் இப்பெயரில் ஒரு குற்றம் இல்லை. சட்டத்திற் பெயரில்லாத ஒன்றை மக்களுக்கு இனங்காட்டி, அதனை முறையிடவும் பழக்கும் தொண்டிற் சில காலம் ஈடுபட்டவன் என்ற முறையில், அத்தொண்டின் பயனையும் எல்லையையும் பற்றி நான் கண்டவற்றை இங்கு எழுத விழைகிறேன்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரிலுள்ள முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலந்த உணவு விற்கப்படுவதாக எழுந்த வதந்தியைத் தொடர்ந்து கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை எனப்பட்டது வெறும் மாக்கட்டியே என்பது பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வில் வெளியாயிற்று. அந்த வாரம் கழிவதற்குள், கண்டி மாவட்டத்தில் வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். அதனையடுத்து மார்ச் 5ஆம் திகதி திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. மறுநாள் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சமூக ஊடகங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன. தனது தளம் அவ்வன்செயல்களில் வகித்த பங்கிற்காக பேஸ்புக் நிறுவனம் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

வன்செயல் ஓய்ந்து சில மாதங்களின் பின்னர், சட்டத்தரணிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் எனச் சிலர் சேர்ந்து இயங்கிய சிறு தொண்டர் குழுவொன்றில் நானும் இணைந்தேன். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதில் இருந்தனர். சனிக்கிழமைகளிற் பள்ளிவாசல் மண்டபம், கோவில் மண்டபம், சனசமூக நிலையம் என எது கிடைத்ததோ அங்கே கூடுவோம். கரும்பலகை ஒன்று, படிவக் கட்டு ஒன்று, பிளாஸ்ரிக் கதிரைகள் சில: இவையே எமது சாதனங்கள்.

முதற்பாடம் இனங்காணல். சம்பவமொன்றை வாசித்துவிட்டு, இது வெறுப்புக் குற்றமா, அன்றா என்று சபையைக் கேட்போம். தாக்கியவன் அவ்வேளை என்ன சொன்னான்? சுவரில் ஏதும் எழுதினானா? வரிசையாக நின்ற கடைகளில் ஒன்றை மட்டும் தெரிவு செய்தானா? பெறுமதியான பொருளைத் தொடாது விட்டானா? வெள்ளிக்கிழமைத் தொழுகை, பெருநாள், தேர்த் திருவிழா போன்றதொரு நாள் பார்த்து வந்தானா? அதற்கு முன்னர் துண்டுப்பிரசுரமோ தொலைபேசியிற் பரவிய செய்தியோ இருந்ததா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகள் பகைமையைச் சுட்டும் குறிகள். ஆயின், குறி வேறு, சான்று வேறு என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் வலியுறுத்த வேண்டியிருந்தது. ஒருமுறை, அயல் வீட்டுச் சிங்களக் குடும்பத்தோடு வடிகால் நீர் பற்றி ஏழெட்டு வருடங்களாகப் பிணக்கிலிருந்த ஒருவர், வேலி பிடுங்கப்பட்டதை வெறுப்புக் குற்றமாகப் பதியவேண்டுமென வாதிட்டார். சபையிலிருந்த அவரது மைத்துனரே எழுந்து, “மச்சான், வேலிய முதல்ல அரக்கிப் போட்டது நீங்கதானே?” என்றார். சபை சிரித்தது, அவரும் சிரித்தார். அன்று அச்சபை கற்றதை எமது விரிவுரை எதனாலும் கற்பித்திருக்க முடியாது. எல்லாவற்றையும் வெறுப்பென்று எழுதினால், உண்மையான வெறுப்பை எழுதும்போது அதனை நம்புவார் இருக்கமாட்டார்.

இரண்டாம் பாடம் முறையிடல். இதுவே கடினமானது. முறையிடாமைக்கு மக்கள் கூறிய காரணங்களைத் தொகுத்துப் பார்த்தால் அவற்றுள் அறியாமை மிகச் சிறிய பங்கே. முறையிட்டால் மறுபடியும் வருவார்கள் என்ற அச்சம். தாக்கியவனின் மாமன் தம் பிள்ளையின் ஆசிரியராயிருக்கும் சங்கடம். நாளையும் அதே சந்தையிற் கடை விரிக்கவேண்டிய நிலை. எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லி என்ன பயன் என்ற சலிப்பு. மொழியும் ஒரு தடை. தமிழிற் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்து விளங்காத தாளிற் கையொப்பமிட்டு வந்தவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருந்தனர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது என்பதை நாம் சொல்லும்போது அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களேயன்றி, அதனைத் தமக்குரிய செய்தியாகக் கொண்டார்களென்று சொல்வதற்கில்லை.

ஆதலால் நாம் சிறிய காரியங்களைச் சொல்லிக்கொடுத்தோம். நடந்ததை அன்றே எழுதுங்கள். நேரத்தையும் இடத்தையும் எழுதுங்கள். வசைச்சொல் சிங்களமாயின் சிங்களத்திலேயே, சொன்னபடியே எழுதுங்கள். ‘தகாத வார்த்தை பேசினான்’ என்று நாகரிகமாக எழுதினால் குறி அழிந்துவிடும். படமெடுத்தால் வைத்திருங்கள்; பரப்பாதீர்கள். முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள், விளங்காததிற் கையொப்பமிடாதீர்கள். பொலிஸார் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் அதுவும் ஒரு சம்பவமே; அதற்கும் திகதி இடுங்கள். இன, மத, மொழி அடிப்படையிற் பாரபட்சம் காட்டலாகாது என்னும் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை மீறப்பட்டதெனக் கருதினால், உயர் நீதிமன்றத்தை நாட ஒரு மாத கால எல்லையே உண்டு. அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் இவ்வெல்லையிற் கணக்கிடப்படாது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015ஆம் ஆண்டிற் சட்டமொன்று வந்தது. 2023இல் அதனிடத்தைப் புதிய சட்டமொன்று பெற்றது.

சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பகைமைக்கோ வன்செயலுக்கோ தூண்டும் வகையில் இன, மத வெறுப்பைப் பரப்புதலை, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சமவாயச் சட்டம் பத்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. சிறுபான்மையினருக்குக் காவலாகவேண்டிய இச்சட்டத்தின் பேரிலேயே, உடையிற் பொறித்திருந்த கப்பற் சுக்கானைத் தர்மச் சக்கரமெனக் கருதி முஸ்லிம் பெண்ணொருவர் 2019 மே மாதத்திற் கைதுசெய்யப்பட்டார். சிறுகதை ஒன்றை எழுதியமைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார அதே ஆண்டு ஏப்ரலிற் கைதாகி, நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். பேஸ்புக்கில் எழுதிய பதிவொன்றுக்காக 2020 ஏப்ரலிற் கைதுசெய்யப்பட்ட ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவரது கைது, அவரது அடிப்படை உரிமையை மீறியதென உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இவற்றை மறைத்து, ‘சட்டம் உங்கள் பக்கம்’ என்று மட்டும் சொல்வது தொண்டாகாது.

சிறிய ஊரொன்றிற் பள்ளிவாசல் மண்டபத்தில் நாம் கூடியபோது, பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் இறுதிவரை பேசாதிருந்தார். 2018இல் அவரது கடையும் எரிந்தது என்பதையும், அவர் முறையிடவில்லை என்பதையும் ஊரவர் எமக்கு முன்னரே சொல்லியிருந்தனர். கூட்டம் முடியும் வேளையில் அவர் என்னை நோக்கிக் கேட்டார்: “தம்பி யாழ்ப்பாணமா?”

“ஓம், ஹாஜியார்.”

“என்ட மனைவியும் அந்த ஊர்தான். சோனகத் தெரு. தொண்ணூறாம் ஆண்டு அவட வாப்பா உம்மாவ வெளியாக்கின நேரம் இந்தப் படிவத்த யாரும் கொண்டு வரல்லியே, மகன்?”

அவர் குரலிற் கோபம் இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை ஒருசேர வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். 1983 யூலையில் எம்மவர் எத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்பதற்கு ஒருமித்த கணக்கு இன்றுவரை இல்லை; மதிப்பீடுகள் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்குவரை வேறுபடுகின்றன. அக்கணக்கின்மையை ஒரு காயமாகச் சுமக்கும் நாம், எமது அயலவர் சுமக்கும் காயத்தை எத்தனை இடங்களில் எழுதி வைத்திருக்கிறோம்? அவர் கேட்டதன் பொருள் இதுவே. நான் சொல்லக்கூடியது ஒன்றே இருந்தது: “ஒருவரும் கொண்டு வரல்ல, ஹாஜியார். இப்ப சொன்னா நான் எழுதுறன். உங்கட கடையையும் எழுதுறன், அவையின்ர வீட்டையும் எழுதுறன்.”

அவர் சிறிது நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பின்னர் சொல்லத் தொடங்கினார். கடை எரிந்த நேரம், வந்தவர்களின் தொகை, அவர்கள் எழுப்பிய கோஷம், எரிந்த சரக்கின் விவரம் எல்லாம் ஒழுங்காக வந்தன. அதன்பின், அவரது மனைவியையும் பேரப்பிள்ளைகளையும் தன் வீட்டுச் சமையலறையில் விடியும்வரை ஒளித்துவைத்து, வாசலிற் காவலிருந்த சிங்களப் பெண்மணியைப் பற்றிச் சொன்னார். நான் பேனாவை நிறுத்தினேன். படிவத்தில் அதற்கு நிரல் இருக்கவில்லை. “அதையும் எழுதுங்க மகன். அத விட்டா இது பொய்யாப் போயிடும்” என்றார். தாளின் பின்பக்கத்தில் அதனை எழுதினேன். அடுத்த மாதம் அச்சிட்ட படிவத்தில் ‘உதவியோர்’ என்றொரு நிரல் சேர்க்கப்பட்டது. மனைவியின் வாக்குமூலத்தை மறுவாரம் அவரது வீட்டிற் பெற்றோம். 1990 பற்றிய அப்பக்கங்கள் எந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் போகப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும். ஆயினும் எழுதியதை நாங்கள் வாசித்துக் காட்டியபோது, தெருவின் பெயர் ஒன்றை இருமுறை திருத்தினார்.

முறையிடுவதாற் பயனென்ன என்ற வினாவுக்கு வேறொரு நாட்டு வரலாற்றிலிருந்து ஒரு விடை உண்டு. லண்டனின் எல்தம் பகுதியில் 1993 ஏப்ரல் 22ஆம் திகதி ஸ்டீபன் லோறன்ஸ் என்னும் கறுப்பின மாணவர் பஸ் தரிப்பிடமொன்றின் அருகே குத்திக் கொல்லப்பட்டார். பெற்றோரின் இடைவிடாத போராட்டத்தாற் பின்னர் அமைக்கப்பட்ட மக்பேர்சன் விசாரணை, 1999இல் அறிக்கை தந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறெவருமோ இனவாதமெனக் கருதும் எச்சம்பவமும் இனவாதச் சம்பவமாகவே பதியப்படவேண்டும் என்றும், பொலிஸ் நிலையத்துக்கு வெளியே வேறிடங்களிலும் முறையிட வசதி வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. கொலையாளிகளுள் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டது 2012 சனவரியில். அதாவது, ஏறத்தாழ 19 ஆண்டுகளின் பின்னர். இப்பரிந்துரையின் நுட்பம் பதிதலையும் தீர்த்தலையும் பிரித்ததில் உள்ளது. பாதிக்கப்பட்டவர் சொல்வதைப் பதிவது அவரது உரிமை. அது நிரூபணமாயிற்றா என்பதைத் தீர்ப்பது நீதிமன்றின் வேலை. நிரூபிக்க முடியுமா என்று வாசலிலேயே கேட்டுத் திருப்பியனுப்பும் வழக்கமே பல உண்மைகளை அழித்தது.

இத்தகைய தொண்டு வெறுப்பை ஒழித்துவிடும் என்று நான் கருதவில்லை. நாம் பதிந்தவற்றுள் வழக்காக வளர்ந்தவை சில. அவற்றுள்ளும் முடிவு கண்டவை சிலவே. மக்களிடம் நீதி கிடைக்குமென்று நாம் வாக்களிக்கவில்லை. எழுதுவோம், சரியாக எழுதுவோம், உங்கள் அனுமதியின்றி யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்று மாத்திரமே சொன்னோம். காப்பாற்றக்கூடிய வாக்கு அதுவாகவே இருந்தது. ஆனால் வதந்திக்கு எதிராக ஒரு சமூகத்திடம் இருக்கக்கூடிய ஆயுதமும் அதுவே. அம்பாறையில் மாக்கட்டியை மாத்திரையாக்கியது, சோதியாமற் சொல்லும் வழக்கம். சோதித்து, திகதியிட்டு, தமக்குப் பாதகமானதையும் மறையாது சொல்லும் வழக்கம் அதற்கு நேரெதிரானது. அதனைப் பழகுபவர், தாம் பாதிக்கப்படாத நாளிலும் இலகுவில் வதந்திக்கு ஆட்படார்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஓரளவேனும் எழுத வல்லவர்கள் இந்நாட்டிற் பெருந்தொகையாகக் கூடியிருக்கும் இடங்கள் பல்கலைக்கழகங்களே. கிராமத்து மண்டபங்களில் இப்பணிக்கு ஆட்கள் குறைவு. அங்கே வேண்டப்படுவது சொல்வதைச் சொன்னபடி எழுதும் கையும், சொல்பவர் எவ்வினத்தவராயினும், குற்றம் செய்தவர் எம்மினத்தவரேயாயினும், எழுத்தை மாற்றாத மனமும் ஆகும். இவ்விரண்டும் உடைய மாணவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினாலும் அது பெரிது.