விளையாட்டில் கற்ற வாரிசுப் பங்கு



“மத்ரஸாவிலும் விளையாட்டா, உஸ்தாத்?” ஊரப்பாக்கத்தில் எங்கள் மாலை நேர மக்தபுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. கைப்பேசி விளையாட்டினால் பிள்ளைகள் இரவுத் தூக்கத்தையும் ஃபஜ்ருத் தொழுகையையும் இழப்பதைக் கண்டவர்களின் கவலை அதில் இருக்கிறது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக அரசு 2022 ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சூது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் எல்லா விளையாட்டும் சூதாகிவிடாது. மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் காண்பதற்காக, நபி (ஸல்) அவர்கள் தாமே மறைப்பாக நின்றதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

பாத்திரம் ஏற்றுக் கற்பிப்பதற்கும் நம் மார்க்கத்தில் முன்மாதிரி உண்டு. வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் பயணக் களைப்பே தெரியாத அந்நியராக வந்து, மாணவரைப் போல் அமர்ந்து, இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் பற்றி வினவினார்கள். அருகிலிருந்த தோழர்கள் அக்கேள்வி பதில்களின் வழியே மார்க்கத்தைக் கற்றார்கள். உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

கணினி விளையாட்டும் வகுப்பறைக்குப் புதிதன்று. 1971 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஆசிரியப் பயிற்சியிலிருந்த மூன்று இளைஞர்கள் வரலாற்றுப் பாடத்திற்காக ‘ஆரிகன் டிரெயில்’ என்ற விளையாட்டை உருவாக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டுவண்டியில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தோரின் இடத்தில் மாணவர் தம்மை வைத்துக்கொள்வர். கையிலுள்ள பணத்தில் உணவுக்கு எவ்வளவு, மாடுகளுக்கு எவ்வளவு என்று அவர்களே தீர்மானிக்க வேண்டும். தவறினால் பயணம் பாதியில் முடியும். முடிவெடுத்து அதன் விளைவையும் சுமப்பதே விளையாட்டு தரும் பாடம்.

எங்கள் மக்தபில் கணினி இல்லை, புளியங்கொட்டைகள் உண்டு. மீராஸ் பாடத்தில் 80 கொட்டைகளைப் பாயின் நடுவே வைத்தேன். இறந்தவர் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டுச் சென்றிருக்கிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றனர். மகனானவன் உடனே பெரும்பகுதியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டான். கடன் கொடுத்தவனாக இருந்த சிறுவன் எழுந்து முதலில் 8 கொட்டைகளை வாங்கிக்கொண்டான். மீதி 72. மனைவிக்கு எட்டில் ஒன்றாக 9, தாய்க்கு ஆறில் ஒன்றாக 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. எண்ணிக் கொடுத்து முடித்தபோது பாயில் ஒரு கொட்டையும் மிஞ்சவில்லை. கரும்பலகையில் பலமுறை எழுதியும் பதியாத கணக்கு, அன்று பதிந்தது.

அன்றிரவு ஒரு சிறுமி தன் தந்தையிடம், “அத்தா, மாமிக்கு நீங்க எத்தனை கொட்டை கொடுத்தீங்க?” என்று கேட்டிருக்கிறாள். அவள் சொன்ன மாமி, அத்தாவின் உடன்பிறந்த தங்கை. மறுநாள் அவர் என்னைக் காண வந்தார். “சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, உஸ்தாத்? தங்கச்சிக்குத்தான் கல்யாணத்திலேயே நகை போட்டாச்சே” என்றார். நகை அன்பளிப்பு, பங்கு அல்லாஹ் விதித்த கடமை என்று கூறி, அந்நிஸா அத்தியாயத்தின் 11 ஆவது வசனத்தை ஓதிக் காட்டினேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டுச் சென்றார். சிறுமி தொடர்ந்து வகுப்புக்கு வருகிறாள்.

நம் குடும்பங்களில் சகோதரிகளின் பங்கு எப்படி மறைகிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போகும் செய்தியை, ஒரு பிள்ளையின் கேள்வியிடம் அப்படி விட்டுச்செல்ல முடிவதில்லை.

இதற்கு எல்லைகளும் உண்டு. நபிமார்களையும் ஸஹாபாக்களையும் எவரும் பாத்திரமாக ஏற்பதில்லை. தொழுகைக்கும் நோன்புக்கும் நான் புள்ளிகளோ பரிசுகளோ வழங்குவதில்லை. நிய்யத் அல்லாஹ்வுக்காக இருக்க வேண்டிய இடத்தில் அட்டவணைக்கு வேலையில்லை. ஜகாத், வியாபாரம், வாக்குறுதி, வாரிசுரிமை என மனிதர்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள பாடங்களுக்கே விளையாட்டைப் பயன்படுத்துகிறேன்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையின் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டையோடு அவர்களுடன் அமருங்கள். உங்கள் குடும்பத்தின் கணக்கையே போட்டுப் பாருங்கள். உரியவருக்கு உரியதை மனநிறைவோடு கொடுக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.