பரங்கிக்காய் விளக்கு

தண்டவாளம் ஒரு முழங்கூட இல்லாத ஊரில் இரயில்வே குமாஸ்தாவாக இருப்பவன் நான். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற நமது போர்ட் பிளேரில் அமர்ந்துகொண்டு, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து சென்னையில் இறங்கியபின் ஏறவேண்டிய வண்டிக்கு இங்கிருந்தே இடம் பதிவு செய்து கொடுப்பது என் உத்தியோகம். ஆகவே இல்லாத ஒன்றை இருப்பதாகப் பாவித்துக் காரியம் நடத்துவதில் எனக்குப் பழக்கமுண்டு என்று நண்பர்கள் பரிகாசம் செய்வார்கள். சென்ற அக்டோபரில் எங்கள் டெலானிபூர் வீட்டில் நடந்த ஹாலோவீன் விருந்தைப் பற்றி எழுதும்படி சங்கத்து அன்பர் ஒருவர் என்னைக் கேட்டுக்கொண்டதும் அதுபற்றியே போலும்.

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மூத்த மகள்தான் இதைத் தொடங்கிவைத்தாள். “அப்பா, 31-ஆம் தேதி என் சிநேகிதர்களை அழைத்துப் பேய் விருந்து வைக்கலாமா?” என்றாள். “அந்நியர் பண்டிகை நமக்கெதற்கு?” என்று நான் கடிந்துகொண்டேன். அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “குலசையில் குரங்கு வேடம் போட்டுத் தகரக் குவளையை ஏந்தி வீடு வீடாகப் போனவர் நீங்கள்தானே?”

அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு வாயில்லை. என் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் காளியாகவும், குரங்காகவும், பிச்சைக்காரனாகவும் வேடம் புனைந்து, வீடுதோறும் காணிக்கை பெற்று, பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் கண்டு திரும்பும் கூட்டத்தில் சிறுவயதில் நானும் ஒருவன். அதற்குச் சற்றுத் தெற்கே மணப்பாடு. அங்குள்ள கத்தோலிக்க அன்பர்கள் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றி இறந்தோரை நினைவுகூர்வர். வேடமிட்டு வீடுவீடாகச் செல்வது ஓர் ஊரிலும், இறந்தாருக்கு விளக்கேற்றுவது அடுத்த ஊருக்கு அடுத்த ஊரிலும் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவன், இவ்விரண்டும் சேர்ந்த ஒன்றை அந்நியம் என்று தள்ளியது அறியாமையன்றி வேறென்ன?

ஹாலோவீனின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது அதன்பால் ஒருவகை உறவுகூட உண்டாயிற்று. நவம்பர் 1-ஆம் நாள் சகல புனிதர் திருநாள். அதன் முந்திய இரவே இது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பழங்காலந்தொட்டே, அறுவடை முடிந்து குளிர் புகும் அந்த நாளில் மாண்டோர் வீடு தேடி வருவர் என்று நம்பினர். டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தனர். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கான அயர்லாந்து மக்கள் பிழைப்புக்காகக் கப்பலேறி அமெரிக்கா சென்றபோது இவ்வழக்கமும் கூடவே கப்பலேறிற்று. கிழங்கைவிடப் பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் அங்கே பரங்கிக்காய் கிடைத்தது. பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு போன பண்டிகை என்று தெரிந்தபின், கப்பலேறி வந்த நம்மவர் அதைக் கண்டு முகஞ்சுளிப்பதற்கில்லை. தவிரவும், புதுவீட்டு வாசலில் பூசணிக்காயில் கோர முகம் எழுதித் தொங்கவிடும் நாம் இதில் யாருக்கும் இளைத்தவர்களல்லர்.

நிற்க. திட்டமிடத் தொடங்கினேன், தொடங்கியபின் என் உற்சாகம் என் மகளின் உற்சாகத்தை விஞ்சிவிட்டது. அக்டோபர் இறுதியில் இங்கு மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுவது பேய்களுக்கு மிகவும் வசதி. பிள்ளைகள் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். பரங்கிக்காயை அன்று காலையில்தான் குடையவேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டாம் நாளே பூஞ்சணம் பூத்துவிடும். ஒரு காயைப் பாழாக்கியே இதைக் கற்றேன். தொளதொளவென்ற வேடத்துணிகளுக்கு அருகில் எரியும் சுடர் ஆகாதென்று, காய்க்குள் மெழுகுவத்திக்குப் பதிலாக மின்கல விளக்கு வைத்தேன். மூடிய பெட்டிக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்க, கண்ணுக்குத் தோலுரித்த திராட்சையும் குடலுக்கு வேகவைத்த சேமியாவும் போதும். மேலைநாட்டார் நீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வுவார்களாம். கப்பலில் வரும் ஆப்பிளின் விலையை அபர்தீன் பஜாரில் விசாரித்தபின், நூலில் முறுக்கைக் கட்டித் தொங்கவிட்டுக் கைபடாமல் கடிக்கச் செய்வது என்று முடிவாயிற்று.

இவ்வளவில் நின்றிருக்கலாம். நான் ஒரு கதையும் எழுதினேன். கடலில் மாண்ட ஒருத்தி நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுகிறாள்; வீட்டார் அலறி ஓடுகிறார்கள். கதை அவ்விடத்திற்கு வரும்போது, வெள்ளைத் துணி போர்த்து நீர் சொட்டச் சொட்ட ஒரு பிள்ளை வேலிப்பக்கமிருந்து “கதவைத் திற, கதவைத் திற” என்று வரவேண்டும். 26-ஆம் தேதி ஞாயிறன்று ஒத்திகை நடந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருக்கையில், அடுத்த வீட்டுக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்காள் பாதித் துணியை வாளியிலேயே விட்டு உள்ளே சென்று சன்னலைச் சாத்தினார். அன்றிரவு அவ்வீட்டில் விளக்கெரியவில்லை.

அவரைக் கச்சால் அக்காள் என்போம். இலங்கையிலிருந்து திரும்பியோரில் சில குடும்பங்களை 1970-களில் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றினார்களல்லவா, அவர்களோடு தாயின் இடுப்பில் கைக்குழந்தையாக வந்தவர். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் பூமி அதிர்ந்து, பின் கடல் ஏறியபோது கணவரையும் ஒன்பது வயது மகளையும் பறிகொடுத்தார். இரு உடல்களும் கிடைக்கவில்லை. மிஞ்சிய மகனோடு இங்கே வந்து சேர்ந்தவர். இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆறு ஆண்டுகளாக அடுத்த வீட்டிலிருக்கிறேன். தெரிந்திருந்தும் அக்கதையை எழுதிய கை என் கைதான்.

மறுநாள் மாலை சென்றேன். உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். “அக்கா, புத்தியில்லாமல் செய்துவிட்டேன். விருந்தையே நிறுத்திவிடுகிறேன்” என்றேன்.

“நிறுத்தாதே தம்பி, பிள்ளைகள் ஏங்கிப்போகும்” என்றார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பேய் வருகிறது என்பதற்காக நான் வருந்தவில்லை. கதவைத் தட்டினால் எல்லாரும் ஓடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எந்த வேடத்தில் வந்து தட்டினாலும் நான் என் பிள்ளைக்குத் திறக்கமாட்டேனா?” என்றார்.

என்ன சொல்வதென்று தெரியாமல், அந்தப் பெண்ணுக்கு என்ன தின்பண்டம் பிடிக்கும் என்று கேட்டேன். ஆறு ஆண்டுகளில் அதுவே அவளைப்பற்றி நான் கேட்ட முதற்கேள்வி. அக்காள் முகம் மலர்ந்து, தேங்காயும் வெல்லமும் வைத்த கொழுக்கட்டையைப்பற்றியும், வேகுமுன்பே அவள் பூரணத்தைத் திருடித் தின்பதைப்பற்றியும் அரைமணி நேரம் பேசினார். நான் எழுந்தபோது, “பிள்ளைகளை முதலில் என் வீட்டுக்கு அனுப்பு. முகத்தைமட்டும் முழுதும் மூடவேண்டாம்” என்றார்.

கதையைக் கிழித்தெறிந்தேன். 31-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். நான்கு மணிக்குப் பிடித்த மழை ஐந்தரைக்குத்தான் விட்டது. வங்காளிப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை, ராஞ்சிக்காரர் வீட்டுப் பிள்ளை, நிக்கோபாரிப் பெண் என்று என் மகளோடு எட்டுப்பேர். கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து மீசையும் கோரைப்பல்லும் எழுதியிருந்தோம். சமுத்திரிகா அருங்காட்சியகத்துத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துவந்த பையன் ஒருவன், கறுப்புச் சட்டையில் வெள்ளைக் காகித எலும்புகளை ஒட்டிக்கொண்டு, தன்னை யாரும் மனிதப் பேய் என்று எண்ணிவிடக்கூடாது என்பதில் மிகக் கண்டிப்பாக இருந்தான்.

எட்டுப்பேரும் அக்காள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் வேலியோரம் நின்றேன். தட்டிய ஓசை அடங்குமுன் கதவு திறந்தது. ஒவ்வொரு பிள்ளையின் முகவாயையும் நிமிர்த்திப் பார்த்து, “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று இந்தியில் கேட்டுக் கேட்டுக் கொழுக்கட்டைப் பொட்டலம் கொடுத்தார். திமிங்கிலம் தன் வரலாற்றைச் சொல்ல வெகுநேரமாயிற்று, பொறுமையாகக் கேட்டார். தட்டில் ஒன்பது பொட்டலங்கள் இருந்தன. என் மகள் எண்ணிப் பார்த்து, “பெரியம்மா, ஒன்று அதிகமாக இருக்கிறதே” என்றாள். “இருக்கட்டும் கண்ணே” என்று அதைச் சன்னலில் வைத்து, அருகே ஓர் அகலை ஏற்றினார். பிறகு என் வீட்டு முற்றத்துக்கு வந்து அமர்ந்து, முறுக்கைக் கடிக்கும் போட்டிக்கு நடுவராயிருந்து, திமிங்கிலத்துக்குச் சற்றுப் பாரபட்சமாகவே தீர்ப்பளித்தார்.

எட்டு மணிக்கு விருந்து முடிந்தது. இரவு மீண்டும் மழை. காலையில் பார்த்தபோது அகல் அணைந்திருந்தது. பொட்டலத்தைக் காகங்கள் பிரித்திருந்தன. குடைந்தெடுத்த பரங்கிக்காய்ச் சதையில் என் மனைவி கூட்டு வைத்தாள். ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அன்று மாலை அது கழுவித் திரும்பி வந்தது, உள்ளே நான்கு கொழுக்கட்டைகளோடு.