மொய் நோட்டு

அத்தைக்குக் காதில் குரல் கேட்கத் தொடங்கியபோது எனக்கு ஏழு வயதிருக்கும். கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டே யாருக்கோ பதில் சொல்வாள். எங்களுக்கு முசிறிப் பக்கம். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கவைத்து, உச்சிவேளையிலும் இரவிலும் முகத்தில் தீர்த்தம் தெளித்தார்கள். பிறகு திருச்சி டாக்டர் மனச்சிதைவு என்று சொல்லி மாத்திரை எழுதினார். சில மாதங்களில் குரல்கள் அடங்கின.

அதோடு விட்டிருக்கலாம். “கழுத்துல ஒரு தாலி ஏறினா எல்லாம் சரியாப் போயிரும்” என்றார் பெரிய தாத்தா. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாட்டி மாத்திரைகளைப் பவுடர் டப்பாவில் போட்டு அனுப்பினாள். அதைத் தின்றால் விடிந்தும் கண் திறக்காது, வாய் உலரும், கை நடுங்கும். மருமகள் பகல்வரை தூங்குகிறாள் என்று மாமியார் ஏச, அத்தை மாத்திரையை நிறுத்தினாள். நோய் திரும்பியது. ஆடிக்கு அழைத்துவந்தவளை அவர்கள் மறுபடி கூப்பிடவே இல்லை.

பெரியப்பா மகனுக்கும் இதே நோய்தான். அவனுக்கும் பெண் வீட்டில் சொல்லாமல்தான் ஓர் ஏழை வீட்டுப் பெண்ணைக் கட்டிவைத்தார்கள். மாத்திரையை எண்ணிக் கொடுத்து, வயலுக்கும் போய், அவனை நாலு பேர் மதிக்க நடமாட வைத்தாள் அந்த அண்ணி. அவளைப் புகழாத வாய் இல்லை. அதில் பாதிப் பொறுமையைக்கூட அத்தையின் புருஷனிடம் யாரும் கேட்கவில்லை. சென்னையில் மனச்சிதைவு நோயை ஆராயும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டாக்டர் தாராவும் அவருடன் இருந்தவர்களும் 2003-இல் எழுதிய கட்டுரைகளில் அத்தை மாதிரியே பலரைப் பின்னாளில் பார்த்தேன். ஜீவனாம்சம் இல்லாமல், தாலியையும் கழற்றாமல் பிறந்த வீட்டில் இருந்த பெண்கள். 1976-இல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம்கூட எல்லா மனநோயையும் தடை என்று சொல்லவில்லை; மணவாழ்வுக்கே தகுதியற்ற அளவுக்குப் போன நோயைத் தடை என்கிறது. அத்தை அப்படியா இருந்தாள்? மாத்திரை ஒழுங்காகத் தின்ற நாளில் கணக்கில் அவளை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை.

சின்ன அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையில் அத்தையை வைத்துப் பூட்டினார்கள். அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. அக்கா கல்யாணத்தில் பெரிய தாத்தா முறைக்க முறைக்க, “நீ வாசல்ல உட்காரும்மா, மொய் நீதான் எழுதணும்” என்று நோட்டைக் கையில் கொடுத்தாள். நடுங்கும் கையால் ஊர், பேர், தொகை என்று எழுதிக்கொண்டே போனாள் அத்தை. ராத்திரி எண்ணியபோது ஒரு ரூபாய் பிசகவில்லை. அதற்குள் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் அவளிடம் வந்து, தன் இனிஷியலைத் தப்பாக எழுதியிருப்பதாகச் சண்டை பிடித்துத் திருத்திக்கொண்டு போயிருந்தார்.