கராச்சிக்கு எவ்வளவு தூரம்?

பம்பாய் கிங்ஸ் சர்க்கிளில் குடியிருக்கும் தமிழனுக்குத் தூரம் என்பது பெரும்பாலும் சென்னையையோ திருநெல்வேலியையோ உத்தேசித்துச் சொல்லப்படுவது. ரயிலில் எத்தனை இரவு படுத்து எழ வேண்டும் என்பதே அதற்கு அளவு. ஆகையால், ஆகாயமார்க்கமாக நூல் பிடித்துப் பார்த்தால் சென்னை ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்க, கராச்சியோ ஏறத்தாழ 880 கிலோமீட்டரிலேயே இருக்கிறது என்று நான் சொல்லும்போதெல்லாம், காபி ஆற்றிக்கொண்டிருக்கும் சிநேகிதர்கள் டவராவைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சந்தேகத்தோடு பார்ப்பது வழக்கம்.

ஆனால் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிய 1932-ஆம் ஆண்டில் இது ஒருவருக்கும் விநோதமாகப் பட்டிராது. அவ்வாண்டு அக்டோபர் 15 அன்று, லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்து சேர்த்த தபால்களை ஏற்றிக்கொண்டு, பஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஜே. ஆர். டி. டாட்டா காலையில் கராச்சியை விட்டுக் கிளம்பி, ஆமதாபாத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் தகரத் தகரமாக வந்த பெட்ரோலை நிரப்பிக்கொண்டு (ஆகாயவிமானம் மாட்டுக்காகக் காத்து நின்ற அந்தக் காட்சியை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்), பிற்பகலில் ஜுஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரியில் இராத் தங்கி, மறுநாள் தபாலைச் சென்னையில் சேர்ப்பித்தார். சீமையிலிருந்து மயிலாப்பூருக்கு ஆகாயத்தபால் வருவதற்குக் கராச்சியே தலைவாசலாக இருந்தது என்பதும், அப்பாதை நம் பம்பாயின் வழியாகவே சென்றது என்பதும் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம்!

பதினைந்து வருஷத்தில் எல்லாம் மாறியது. பிரிவினையின்போது கப்பலேறி வந்த சிந்திக் குடும்பங்கள் செம்பூர் முகாமில் குடியமர்ந்தன. பஞ்சாபிகள் நமக்கு அண்டையிலேயே சயான் கோலிவாடாவில் தங்கினார்கள். அந்தச் சிந்திக் குடும்பங்களின் முதியவர்கள் கராச்சியைப் பற்றிப் பேசினால், நம் பாட்டிமார் கும்பகோணத்தைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்: தெரு, கடை, கடற்காற்று. எல்லைக்கு அப்பாலும் நம்மவர் இல்லாமற் போகவில்லை. கராச்சியில் ஜின்னா மருத்துவமனையை ஒட்டிய மதராசி பாடாவில் தமிழ்க் குடும்பங்கள் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு இன்றும் வசிக்கின்றன. தாராவியிலே திருவிழா நடத்துவோர்க்கு அவர்கள் உறவினர் அல்லர் என்று எவ்விதம் சொல்வது?

இன்றைய ஜெட் விமானம் நேராகப் பறந்தால் கராச்சி சுமார் ஒன்றரை மணிப் பிரயாணம். அங்குள்ள கடிகாரம் நம்முடையதைவிட அரைமணி பின்தங்கியிருப்பதால், கடிகாரக் கணக்கில் பார்த்தால் ஒரு மணிநேரந்தான். ஆனால் நேர்விமானம் கிடையாது. விசா என்னும் பெரும்பிரயத்தனத்தில் ஜயித்தவரும் மேற்கே சுமார் 1,900 கிலோமீட்டர் பறந்து துபாயில் இறங்கி, அங்கே காத்திருந்து, வேறு விமானம் ஏறி 1,200 கிலோமீட்டர் திரும்பிவர வேண்டும். ஆகமொத்தம் 3,100 கிலோமீட்டர். விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமே ஐந்து மணிக்குக் குறையாது, இடையில் காத்திருப்பது வேறு. டாட்டாவோ, இன்றைய வேகரயில்களை மிஞ்சாத அந்தச் சின்ன யந்திரத்தில், ஆமதாபாத்தில் நின்ற நேரத்தையும் சேர்த்து, ஏழு மணிநேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஜுஹுவை அடைந்துவிட்டார்.