உப்புக் காற்றில் ஒரு வீடு

ஜூன் 10, தரங்கம்பாடி

பணி ஓய்வுக்குப் பிறகு கடற்கரை ஊர் ஒன்றில் குடியேற வேண்டும் என்பது என் கணவருடைய நெடுநாள் ஆசை. தஞ்சாவூர் வீட்டை விற்பதற்கு முன் தரங்கம்பாடி தொடங்கி வேளாங்கண்ணி வரை ஊர் ஊராகப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பியிருக்கிறோம். மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஓர் ஊர்போல அடுத்த ஊர் இல்லை.

தரங்கம்பாடியைப் பார்த்தவுடன் பிடித்துவிடும். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, மிஷனரி சீகன்பால்கு காலத்தில் 1718-ல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், அகலமான ராஜ வீதி எல்லாம் காலாற நடக்கச் சொல்கின்றன. சாயங்காலமே தெரு அடங்கிவிடுகிறது. எழுதுகிறவர்களுக்கும் படம் வரைகிறவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் மாதாமாதம் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாங்கள் காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோ ஓட வேண்டும். அதோடு மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கொட்டியிருக்கும் பாறைகளைப் பார்த்தபின் கரையோர மனை பற்றிய பேச்சை அவரே நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 11, காரைக்கால்

காரைக்கால், தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் புதுச்சேரி நிலம். பத்திரச் செலவு, நில ஆவணம், ரேஷன் எல்லாவற்றுக்கும் வேறு அரசாங்கம். தமிழ்நாட்டு அனுபவத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஜிப்மர் கிளை, என்.ஐ.டி., சென்னைக்கு ரயில் என்று வசதிகள் நிறைய. ஆனியில் மாங்கனித் திருவிழா வந்தால் தெருவே காரைக்கால் அம்மையாருக்குத்தான். வார இறுதியில் மலிவு விலைச் சரக்குக்காக வந்து இறங்கும் கூட்டமும் உண்டு. கடைத்தெருவை ஒட்டி வீடு பார்ப்பவர்கள் சனிக்கிழமை ராத்திரி ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது.

அரசலாற்றுப் பக்கம் ஒரு வீடு காட்டினார்கள். கட்டிப் பத்து வருடம்கூட ஆகவில்லையாம், புதுச் சுண்ணாம்பு பளிச்சென்று இருந்தது. கூட வந்த கொத்தனார் அண்ணன் எதுவும் பேசாமல் மாடிப்படிக்குக் கீழே போய், நகத்தால் பூச்சைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடல் மணல்மா. கரிக்குது." பிறகு சன்ஷேடின் அடியைத் தட்டிக் காட்டினார். ஓர் இடத்தில் காரை உப்பியிருந்தது. விரலால் நெம்பியதும் பொத்தென்று விழ, உள்ளே கம்பி துருப்பிடித்து ஏடு ஏடாக உரிந்து நின்றது. உப்பு கம்பியைத் தின்ன ஆரம்பித்தால் துரு பெருத்து காரையை வெடிக்க வைக்கும். மேலே எத்தனை முறை பூசினாலும் நிற்காது என்றார். தரகர் புது டைல்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஜூன் 13, நாகூர்

தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது. தர்காவில் கூட்டம் கூடும் வியாழக்கிழமை ராத்திரி தூங்க முடியுமா என்று கேட்டால், தூங்குவதற்கா நாகூர் என்பார்கள் போலிருக்கிறது. நோன்பு மாதத்து வாடா, தம்ரூட், புறாக்கூட்டம், நேர்ச்சைக்கு வரும் எல்லா மதத்துக் குடும்பங்களும்: இந்தச் சந்தடி பிடித்தவர்கள் இங்கே தனிமையை உணரவே மாட்டார்கள்.

திண்ணை வைத்த பழைய வீடு ஏதாவது விலைக்கு வருமா என்று ஒரு ராத்தாவிடம் கேட்டேன். டீ கொடுத்துவிட்டுச் சிரித்தார். "எங்க பக்கம் வீட்டைப் பொண்ணுக்குத்தாம்மா எழுதுவோம். மாப்பிள்ளைதான் இங்க வருவாரு. அப்படி இருக்கிற வீட்டை எப்படி விக்கிறது?" விற்பனைக்குப் பலகை மாட்டியிருப்பவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே புதிதாகப் பிரித்த மனைகள்தான். அங்கே ஜன்னல் விளிம்பைத் தடவினால் கை கறுக்கிறது. வாஞ்சூர்த் துறைமுகத்து நிலக்கரித் தூசியைப் பற்றி நாகூர்க்காரர்கள் பல வருடங்களாக முறையிட்டு வருகிறார்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

ஜூன் 14, வேளாங்கண்ணி

இது யாத்திரிகர்களின் ஊர். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவில் உள்ளூர்க்காரர்களுக்கே தெருவில் இடம் இருக்காது. லாட்ஜ் நடத்த நினைப்பவர்களுக்கு ஏற்ற இடம். நாங்கள் மாதாவைத் தரிசித்துவிட்டுக் கிளம்பினோம்.

ஜூன் 15, நாகப்பட்டினம்

ஏப்ரல் 15-லிருந்து இருந்த 61 நாள் மீன்பிடித் தடை நேற்றோடு முடிந்துவிட்டது. அக்கரைப்பேட்டையில் ஐஸும் டீசலும் ஏற்றும் விசைப்படகுகள், வலையைச் சரிபார்க்கும் கைகள், ஆட்டோ நிற்கவும் இடமில்லை. ஒரு அக்கா, சுனாமித் தண்ணீர் வந்த உயரத்தைத் தன் பழைய வீட்டுச் சுவரில் மார்புக்கு நேராகக் கைவைத்துக் காட்டினார். 2004 டிசம்பர் 26 பற்றி அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் அந்தக் காலையில் அதிகம் இழந்தது இந்த மாவட்டம்தான். அதன்பிறகு பல குடும்பத்தினர் உள்ளே தள்ளி, சுனாமி குடியிருப்புகளுக்குப் போனார்கள். அவர்கள் விட்டுவந்த கரையை 'கடல் பார்த்த மனை' என்று நமக்கு விற்க வருகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கரை என்பது படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் கருவாடு காயப்போடவும் அவர்களுக்கு வேண்டிய தொழிற்கூடம். சட்டமும் சும்மா இல்லை. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் எங்கே, எவ்வளவு கட்டலாம் என்பதற்குத் தனி விதிகள். சர்வே எண்ணை அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் ஒரு ரூபாய்கூட முன்பணம் தர வேண்டாம்.

சாயங்காலம் வெளிப்பாளையத்தில் ஒரு வீடு பார்த்தோம். கடல் தெரியாது. காற்று மட்டும் நாலு மணிக்குமேல் வாசல் வழியாக வந்து கொல்லை வழியாகப் போகிறது. ஓட்டு வீடு, கஜா புயலில் ஓடு பறந்து மாற்றியிருக்கிறார்கள், அதை வீட்டுக்காரர் மறைக்காமல் சொன்னார். கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன், லேசான சவர்ப்பு. குடிக்க குழாய்த் தண்ணீர், புழங்க இது போதும். பக்கத்து வீட்டு அம்மா இரண்டே நிமிடத்தில் என் சொந்த ஊர், பிள்ளைகள், சர்க்கரை அளவு வரை விசாரித்துவிட்டார்.

தாய்ப்பத்திரமும் முப்பது வருட வில்லங்கச் சான்றிதழும் கேட்டிருக்கிறோம். வீட்டுக்காரர் இந்த வாரமே முன்பணம் என்கிறார். ஐப்பசியில் அடைமழை பிடிக்கும்போது வந்து, தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் என்று சொல்லிவிட்டேன். என் கணவருக்கு அதில் மனமில்லை. அதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற பயம். பஸ்ஸில் வரும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.